தருமபுரியில் மூன்றாம் கட்சிக்குப் போட்ட வாக்கு வீண்தானா?

பாலக்கோட்டுப் பெண் எழுதியது, 7 ஜூன் 2024

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோட்டை ஒட்டிய ஒரு கொட்டாய். மூன்று ஆண்டுகளாக ஓசூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 19ஆம் தேதி வாக்களிப்பதற்காக, முந்தின நாள் வேலையை முடித்துவிட்டு விடுதிக்குக்கூடப் போகாமல், ராயக்கோட்டை வழியாக வரும் பேருந்தில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று, என் வாழ்வின் முதல் மக்களவை வாக்கைப் பதிவு செய்தேன். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சீட்டு ஏழு விநாடி நின்று, அறுந்து விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நான் வாக்களித்த நாம் தமிழர் கட்சி வேட்பாளர் நான்காம் இடம் பெற்றார். ஜூன் 4ஆம் தேதி மாலை, முடிவு தெளிவானதும் என் தாய்மாமா வீட்டுக்கு வந்தார். "இவ்வளவு தூரம் வந்து ஓட்டைக் குப்பையிலே போட்டுட்டியே சாமி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன், வருத்தமாகச் சொன்னார். என்னைப் படிக்க வைத்தவர் அவர். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை.

அவர் சொன்ன கணக்கு இதுதான். நம் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் 4 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல் பெற்று வென்றார். பா.ம.க. வேட்பாளர் 4 லட்சத்து 11 ஆயிரத்துக்கு மேல் பெற்றார். வித்தியாசம் ஏறத்தாழ 21,000. நாம் தமிழர் கட்சி பெற்றதோ 65,000. "அந்த 65,000 பேரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் யார் டெல்லிக்குப் போவது என்பதை நீங்கள் முடிவு செய்திருப்பீர்கள், இப்போது மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்" என்கிறார்.

அவர் சொல்வதில் தவறு எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் இப்படியே நினைத்தால் எந்தப் புதுக் கட்சியும் எப்போதும் வளர முடியாதே என்ற எண்ணமும் போகவில்லை. தேர்தல்களைக் கவனித்து வருபவர்கள் எனக்கு விளக்க வேண்டும். எந்தக் கட்சி நல்லது என்று நான் கேட்கவில்லை. வெல்ல வாய்ப்பில்லை என்று தெரிந்தே ஒருவருக்கு வாக்களிப்பதில் பொருள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

---

காரிமங்கலம் ஆசிரியர் எழுதியது, 7 ஜூன் 2024

அம்மா, உங்கள் மாமா சொல்வதை அப்படியே தள்ளிவிட வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பணியாற்றியிருக்கிறேன். நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதிக்கு ஒரே வெற்றியாளர்தான். மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும், பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படிப்பட்ட முறையில் மக்கள் காலப்போக்கில் இரண்டு பெரிய அணிகளுக்குள் ஒதுங்கிவிடுவார்கள் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1951இல் விளக்கினார். மூன்றாமவருக்குப் போடும் வாக்கு, தாம் மிகவும் வெறுப்பவர் வெல்வதற்கே உதவும் என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று.

தொலைவில் போக வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் கிருஷ்ணகிரி தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் தி.மு.க. வேட்பாளரை 794 வாக்குகளில் வென்றார். மூன்றாம், நான்காம் இடங்களில் வந்தவர்களின் வாக்குகள் அதைவிடப் பல மடங்கு. 2016இல் இராதாபுரத்தில் வித்தியாசம் வெறும் 49. அதே 2016இல் மாநிலம் முழுவதும் பார்த்தால் அ.தி.மு.க. பெற்றதற்கும் தி.மு.க. கூட்டணி பெற்றதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் வேறுபாடு. மக்கள் நலக் கூட்டணியும் பா.ம.க.வும் தனியே நின்று பெற்றவை அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த அணிகளுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை, ஆனால் ஐந்தாண்டுக்கான ஆட்சி யாருடையது என்பது அங்கேதான் முடிவாயிற்று.

மனச்சாட்சிப்படி வாக்களித்தேன் என்று சொல்வதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் வாக்கு நம் மன நிறைவுக்காகக் கொடுக்கப்பட்டதில்லை. நம் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருமா, மருத்துவமனையில் மருத்துவர் இருப்பாரா என்பதற்காகக் கொடுக்கப்பட்டது. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆளக்கூடிய இருவரில் எவர் குறைந்த தீங்கு செய்வார் என்று பார்த்து வாக்களிப்பதும் பொறுப்புள்ள செயல்தான்.

---

பென்னாகரத்தான் எழுதியது, 7 ஜூன் 2024

ஆசிரியர் ஐயாவின் மேல் மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். அவர் கொடுத்த எண்கள் எல்லாம் சரி. ஆனால் "மூன்றாம் கட்சி" என்பது எது என்ற கேள்வியை அவரும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் மாமாவும் கேட்கவில்லை. சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு கழகங்கள், மற்றவை உதிரி. பென்னாகரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை.

2010 மார்ச் மாதம் எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. தி.மு.க. வென்றது. இரண்டாம் இடம் பா.ம.க. எம்.ஜி.ஆர். தொடங்கிய கட்சி, பலமுறை மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க., மூன்றாம் இடத்துக்குப் போய் வைப்புத்தொகையை இழந்தது. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. மாநிலத்தின் 39 தொகுதிகளில் 37ஐ அள்ளியபோது கை நழுவியவை இரண்டே இரண்டு. ஒன்று கன்னியாகுமரி, மற்றொன்று நம் தருமபுரி. இங்கே பா.ம.க.வின் அன்புமணி வென்றார். 2016இல் தனித்து நின்ற அவரே பென்னாகரத்தில் ஏறத்தாழ 18,000 வாக்குகளில் தோற்றார், ஆனாலும் இரண்டாம் இடம். இந்த முறையும் நம் தொகுதியில் மூன்றாம் இடம் அ.தி.மு.க.வுக்குத்தான், ஏறத்தாழ 2 லட்சத்து 93 ஆயிரம் வாக்குகள்.

இப்போது உங்கள் மாமாவிடம் ஒன்று கேளுங்கள், தங்கையே. வெல்லாத வாக்கு வீண் வாக்கு என்றால், இந்த 2 லட்சத்து 93 ஆயிரம் பேரும் வாக்கைக் குப்பையில் போட்டவர்களா? 2014இல் தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 23 பேருக்கு மேல் வாக்களித்தும் ஒரு உறுப்பினரைக்கூட அனுப்ப முடியவில்லை. அவர்கள் அத்தனை பேரையும் யாராவது "வீணாக்கிவிட்டீர்கள்" என்று கடிந்துகொண்டார்களா? இல்லை. பெரிய கட்சிக்காரன் தோற்றால் அது தோல்வி, சிறிய கட்சிக்காரன் தோற்றால் மட்டும் அது வீண். இந்த வேறுபாட்டை நம் மனத்தில் யார் விதைத்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை விதைத்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தவன் நான். வீடு வீடாகச் சீட்டுக் கொடுக்கப் போகும்போது, "அவனுக்குப் போடாதே, ஓட்டு வீணாகிவிடும்" என்று சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கொள்கையைப் பேச நேரமும் கிடையாது, எங்களில் பலருக்குப் பேசவும் வராது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

அந்த வாக்குகள் உண்மையில் வீண் என்று எங்கள் கட்சி நினைத்ததா? நினைக்கவே இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் 17சி படிவத்தின் நகல் கிடைக்கும். அந்தச் சாவடியில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்று அதில் இருக்கும். எண்ணும் நாளில் மேசைக்கு மேசை எங்கள் ஆட்கள் உட்கார்ந்து, எந்தச் சாவடி இயந்திரத்தில் யாருக்கு எத்தனை என்று கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். அடுத்த வாரம் ஒன்றியச் செயலாளர் வீட்டுத் திண்ணையில் அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்து மேலே கல்லை வைப்போம், காற்றில் பறக்காமல் இருக்க. வென்ற சாவடிகளை யாரும் பார்க்க மாட்டார்கள். போன முறை நமக்கு வந்து இந்த முறை வேறு பக்கம் போனது எத்தனை என்பதைத்தான் சிவப்புப் பேனாவில் வட்டமிடுவார்கள்.

ஒரு தேர்தலில் என் சாவடியில் பதிவான அறுநூற்றுச் சொச்ச வாக்கில், பெயர்கூடத் தெரியாத ஒரு சிறு கட்சி வேட்பாளருக்கு 94 விழுந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, "யார் இந்த 94 பேர்? எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். விசாரித்துப் பார்த்தால் மேல்தெருவில் நான்கு ஆண்டுகளாகக் கை பம்பு உடைந்து கிடந்தது. அந்தத் தெருப் பிள்ளைகள் சேர்ந்து எடுத்த முடிவு அது. முன்பு மனுமேல் மனு கொடுத்தபோது அசையாதவர்கள், உள்ளாட்சித் தேர்தல் வருவதற்குள் அங்கே சிறு தொட்டி கட்டிக் குழாய் போட்டார்கள். அந்த 94 பேருக்கும் இது தெரியாது. தங்கள் வாக்கு தோற்றுவிட்டது என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெல்ல வைப்பது மட்டுமே வாக்கின் வேலை இல்லை. வேட்பாளர் தோற்றாலும் அது எண்ணப்படுகிறது, எழுதப்படுகிறது, படிக்கப்படுகிறது.

---

பாலக்கோட்டுப் பெண் எழுதியது, 8 ஜூன் 2024

பென்னாகரத்து அண்ணா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் சாவடியில் எத்தனை பேர் என்னைப் போல வாக்களித்தார்கள் என்று கட்சிக்காரர்கள் அல்லாதவர்களும் தெரிந்துகொள்ள முடியுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. என் தோழிகள் இருவர் நோட்டாவுக்குப் போட்டார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

---

அரூர் வழக்கறிஞர் எழுதியது, 8 ஜூன் 2024

சகோதரி, முதல் கேள்விக்குப் பதில்: முடியும். வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் 20ஆம் எண் படிவத்தை மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதி வாரியாக வெளியிடுவார்கள். பாலக்கோடு தொகுதியை எடுத்து, உங்கள் வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண்ணைப் பார்த்தால் போதும்.

நோட்டாவும் சிறு கட்சிக்குப் போடும் வாக்கும் ஒன்றல்ல. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்தது நோட்டா. யாரையும் பிடிக்கவில்லை என்று இரகசியமாகத் தெரிவிக்க அது வழி செய்கிறது. அந்த உரிமையை நான் மதிக்கிறேன். ஆனால் நோட்டாவே அதிக வாக்குப் பெற்றாலும், அதற்கு அடுத்து அதிக வாக்குப் பெற்ற வேட்பாளர் வென்றவராகவே அறிவிக்கப்படுவார். வைப்புத்தொகைக் கணக்கிலும் அது செல்லத்தக்க வாக்காகச் சேராது. சட்டத்தின் கண்ணில் அது யார் கையிலும் எதையும் கொடுப்பதில்லை.

கட்சிக்குப் போடும் வாக்கு அப்படியன்று. மக்களவை வேட்பாளர் 25,000 ரூபாயும் சட்டமன்ற வேட்பாளர் 10,000 ரூபாயும் வைப்புத்தொகை கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பாது. பணம் படைத்த கட்சிக்கு இது ஒன்றுமில்லை. நிலத்தை அடகு வைத்து நிற்கும் சாதாரண வேட்பாளருக்கு இதுவே பெரிது.

இதைவிட முக்கியமானது அங்கீகாரம். ஒரு இடம்கூட வெல்லாவிட்டாலும், மாநிலத்தில் பதிவான செல்லத்தக்க வாக்கில் 8 விழுக்காடு பெற்ற கட்சி மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்துக்குத் தகுதி பெறும். அங்கீகாரம் இல்லாத கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஒருவர் போதும். வாக்கு இயந்திரத்தில் பெயர் வரிசையிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளே முன்னால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னம் நிலையாகிறது. இந்தத் தேர்தலில் நாம் தமிழர் கட்சிக்குப் பழைய கரும்பு விவசாயி சின்னம் கிடைக்காமல் ஒலிவாங்கிச் சின்னத்தில் நிற்க வேண்டியதாயிற்று. வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது புதுச் சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பது வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். 2016இல் ஏறத்தாழ ஒரு விழுக்காடு வாங்கிய அந்தக் கட்சி இந்த முறை 8 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. உங்களுடைய வாக்கு எந்தத் தொகுதியையும் வெல்லாவிட்டாலும் அந்த எட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கட்சியின் கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் சொல்வதைச் சொல்கிறேன்.

---

ஓசூர்வாசி எழுதியது, 8 ஜூன் 2024

அமெரிக்காவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவன் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இந்த விவாதம் அங்கே ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் நடக்கும். எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2000ஆம் ஆண்டின் புளோரிடாவை. அங்கே புஷ், அல் கோரை 537 வாக்குகளில் முந்தினார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்றது 97,000க்கு மேல். அந்த மாநிலம்தான் அதிபரை முடிவு செய்தது. அதற்கு முன் 1992இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் நாடு முழுவதும் ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்கு வாங்கியும், மாநிலங்கள் அளிக்கும் தேர்வாளர் வாக்கில் ஒன்றுகூடப் பெறவில்லை.

இதைப் படிப்பவர்கள் ஆசிரியர் ஐயா சொல்வதே சரி என்பார்கள். ஆனால் அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அங்கே அதிபர் தேர்தலில் தொகுதிப் பங்கீடு, கூட்டணி என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. புதுக் கருத்துள்ளவர்கள் பெரிய கட்சிக்குள் போய், வேட்பாளரைத் தேர்வு செய்யும் முதற்கட்டத் தேர்தலில் மோதுகிறார்கள். அதனால் மூன்றாம் கட்சி வாங்கும் வாக்கைத் தேர்தலுக்குப் பின் மாற்றிக்கொள்ளச் சந்தை கிடையாது. நம்மிடம் உட்கட்சி முதற்கட்டத் தேர்தல் இல்லை, கூட்டணி இருக்கிறது. இந்தத் தேர்தலில் தனியாக வாங்கிய வாக்கு, அடுத்த தேர்தலில் எத்தனை தொகுதி கேட்கலாம் என்பதற்கான அளவுகோலாகிறது. 2006இல் தே.மு.தி.க. தனியாக நின்று 8.38 விழுக்காடு வாங்கியது. வென்றது விருத்தாசலம் ஒன்றே. அந்த விழுக்காட்டின் பலத்தில் 2011இல் கூட்டணியில் 41 தொகுதிகள் பெற்று 29இல் வென்று, தி.மு.க.வைப் பின்னுக்குத் தள்ளி எதிர்க்கட்சி ஆயிற்று.

இன்று பெரிய கட்சியாக இருப்பதும் ஒரு நாள் அப்படித்தான் இருந்தது. 1957இல் முதன்முறையாகத் தேர்தலில் நின்ற தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 15 இடங்கள். 1962இல் 50, அந்தத் தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967இல் ஆட்சி. 1957இல் காங்கிரசை வெல்ல முடியாது என்று தெரிந்தே தி.மு.க.வுக்கு வாக்களித்தவர்களை அன்றைய மாமாக்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

---

மத்தூர் மாந்தோப்பு எழுதியது, 9 ஜூன் 2024

ஓசூர்வாசி தம்பி சொன்ன அதே இடத்தில்தான் எனக்கு வலிக்கிறது. சந்தை இருக்கிறது என்கிறீர்கள். அந்தச் சந்தையில் விற்கப்படுவது யாருடைய சரக்கு? என்னுடைய வாக்கு. விற்பவர் யார்? கட்சித் தலைவர். விலை பேசும்போது என்னைக் கூப்பிட்டார்களா?

2006இல் நானும் என் வீட்டாரும் தே.மு.தி.க.வுக்கு வாக்களித்தோம். இரண்டு கழகங்களும் வேண்டாம் என்பதற்காகவே வாக்களித்தோம். ஐந்து ஆண்டுகளில் அந்தக் கட்சி, எந்த இரண்டு வேண்டாம் என்றோமோ அதில் ஒன்றின் மேடையில் நின்றது. ஆட்சி மாறியது உண்மை. ஆனால் மூன்றாவது வழி என்று ஒன்று இருந்ததே, அது மூடிப்போயிற்று. 2016இல் அது இரண்டு கழகங்களையும் விட்டு மக்கள் நலக் கூட்டணியோடு வந்தபோது கிடைத்தது 2.39 விழுக்காடு. மக்கள் மறக்கவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். பா.ம.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் அ.தி.மு.க., 2004இல் தி.மு.க., 2009இல் அ.தி.மு.க., 2011இல் தி.மு.க., 2014இல் பா.ஜ.க., 2019இல் அ.தி.மு.க., இப்போது மீண்டும் பா.ஜ.க. என்று அணி மாறியிருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு அதனால் எதுவும் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1987 வன்னியர் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு வந்ததும், அதில் எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்ததும் கண்ணால் கண்டது. அது தேர்தல் பேரத்துக்கு முன்பே வீதியில் இறங்கியவர்கள் பெற்றது. பேரத்தில் பெற்றவை என்னவென்று கணக்குப் பார்த்தால் கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் ரயில் வரவில்லை. மாம்பழத்துக்கு விலை விழும் ஆண்டில் கூழ் ஆலைக்காரர்கள் சொன்ன விலைக்கே இன்னும் இறக்கிவிட்டு வருகிறோம்.

ஆகவே பாலக்கோட்டுப் பெண்ணுக்கு நான் சொல்வது வேறு. வாக்கு வீணா இல்லையா என்பதை ஜூன் 4ஆம் தேதி முடிவு செய்ய முடியாது. நீ வாக்களித்த கட்சி அடுத்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்கிறது என்று பார். உன் ஊரில் கிளை வைத்திருக்கிறதா? தேர்தல் இல்லாத மாதத்தில் யாராவது வருகிறார்களா? ஊராட்சித் தேர்தலில் ஒன்றியக் கவுன்சிலருக்கு ஆள் நிறுத்துகிறதா? மிகக் குறைந்த வாக்குகள் இருந்தாலே வெல்லக்கூடிய இடங்கள் அவை. அங்கே நிற்காமல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டும் நிற்கும் கட்சி, உன் ஊரில் வேர்விட வரவில்லை. மாநில அளவில் விழுக்காடு சேர்க்க வருகிறது. என் தோப்பில் எந்தக் கன்று பிடிக்கும், எது பிடிக்காது என்று கோடையில்தான் தெரியும்.

---

காரிமங்கலம் ஆசிரியர் எழுதியது, 9 ஜூன் 2024

நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தபின் என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். வெல்லாத வாக்கு எல்லாமே வீண் என்று சொல்வது நியாயமில்லை என்பதைப் பென்னாகரத்து நண்பர் காட்டிவிட்டார். 65,000 பேரும் இருவரில் ஒருவருக்கே போட்டிருப்பார்கள் என்று கொள்வதும் சரியன்று; பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், மற்றவர்கள் இரு பக்கமும் பிரிந்திருப்பார்கள், மூன்றாம் இடம் பெற்ற அ.தி.மு.க.வுக்கும் போயிருப்பார்கள்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். தளி சட்டமன்றத் தொகுதியில் 2006இல் சுயேச்சை ஒருவரே வென்றார். அந்தச் சட்டமன்றம் முழுவதிலும் ஒரே சுயேச்சை அவர்தான். அப்படிப்பட்ட இடங்களில் கட்சிப் பெயரைப் பார்த்துத் தயங்குவது பொருளற்றது. அதுவே 794 வாக்குகளில் முடிந்த கிருஷ்ணகிரியைப் போன்ற இடத்தில், இருவரில் ஒருவர் வருவது உங்கள் ஊருக்குப் பெருங்கேடு என்று நீங்கள் உண்மையிலேயே நம்பினால், அங்கே மூன்றாமவருக்குப் போடுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அறிந்தே கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துவிட்டு மறுநாள் வருந்தக் கூடாது. ஆகவே சென்ற தேர்தலில் தொகுதியில் முதல் இருவர் யார், இடைவெளி எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டு வாக்குச்சாவடிக்குப் போங்கள்.

ஆஸ்திரேலியாவில் வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார். முதல் விருப்பம் தோற்றால் அந்த வாக்கு இரண்டாம் விருப்பத்துக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலமும் 2018 முதல் இப்படிச் செய்கிறது. அந்த முறை நமக்கு இருந்தால் இந்தப் பெண்ணும் அவருடைய மாமாவும் சண்டையிட வேண்டியதே இல்லை. ஆனால் இன்றைய முறையில் வென்றவர்கள்தான் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டும்.

---

பென்னாகரத்தான் எழுதியது, 9 ஜூன் 2024

ஐயா சொன்ன "அறிந்தே கொடுக்க வேண்டும்" என்பதை ஒப்புக்கொள்கிறேன். மத்தூர் அண்ணன் சொன்னதற்கும் மறுப்பில்லை. ஒன்று மட்டும்: தலைவர் பேரம் பேசுவார் என்பதால் வாக்கை நிறுத்திக்கொண்டால், சிவப்புப் பேனாவில் வட்டமிட அந்தத் திண்ணையில் எண்ணே இருக்காது. என் அனுபவத்தில் ஒன்றியச் செயலாளர்கள் தலைவரின் பேட்டிகளுக்கு அஞ்சியதில்லை. அந்த எண்ணுக்குத்தான் அஞ்சினார்கள்.

---

பாலக்கோட்டுப் பெண் எழுதியது, 30 ஜூன் 2024

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். இரவுப் பணி மாறி மாறி வந்துகொண்டிருந்தது. வழக்கறிஞர் ஐயா சொன்ன படிவத்தை எடுத்து, விடுதியில் என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து மிகச் சிறியது. எங்கள் பாகம் எண்ணைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது.

எங்கள் சாவடியில் நான் வாக்களித்தவருக்கு 38 வாக்குகள். நான், என் தம்பி, பக்கத்து வீட்டு அக்கா என மூன்று பேர் என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற 35 பேர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு அதே வரிசையில் நின்றவர்கள்தான் அவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது மாமாவிடம் அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவர் வாக்களித்த கட்சிக்கு எங்கள் சாவடியில் எத்தனை என்று கேட்டார், சொன்னேன். "முப்பத்தெட்டா" என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு, மத்தூர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் எங்கள் வார்டில் போன முறை எத்தனை வாக்கு வித்தியாசம் என்று தனக்கு நினைவிருப்பதாகவும், அது நாற்பதைவிடக் குறைவு என்றும் சொன்னார்.